ஏசி ஆன் பண்ணினா எம்சிபி விழுதா? பெருசா ஒண்ணு மாட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க! பழைய வீட்டு வயரிங்: முழு விளக்கம்

"அண்ணே, இந்த எம்சிபி சும்மா சும்மா விழுது. பெருசா ஒண்ணு மாட்டி விட்டுடுங்க."

வெயில் காலம் ஆரம்பிச்சதும் எலக்ட்ரீஷியன்கள் அதிகம் கேட்கும் வசனம் இதுதான். புதுசா ஏசி வாங்கியாச்சு. ராத்திரி ஏசி ஓடும்போது சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் வீடே இருட்டாகிவிடுகிறது. 16 ஆம்ப்ஸ் எம்சிபியைக் கழற்றிவிட்டு 32 ஆம்ப்ஸ் போட்டதும் பிரச்னை தீர்ந்தது போலத் தெரியும். அதற்குப் பிறகு எம்சிபி விழவே விழாது.

ஆனால், ஆபத்து தொடங்குவதே அங்குதான். எம்சிபி ஏன் விழுகிறது? வீட்டுக்கு எத்தனை ஆம்ப்ஸ் தேவை? எந்த லைனுக்கு எந்த வயர்? பழைய வீட்டில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

எம்சிபி யாரைக் காப்பாற்றுகிறது?

எம்சிபி இருப்பது ஏசியையோ ஃப்ரிட்ஜையோ காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது காப்பாற்றுவது சுவருக்குள் ஓடும் வயரை. வயரில் மின்சாரம் ஓடினால் சூடு உண்டாகும். மின்னோட்டம் 2 மடங்கானால் சூடு 2 மடங்கு ஆகாது, 4 மடங்காகும். 3 மடங்கானால் சூடு 9 மடங்கு. வீட்டு வயரிங்கில் சாதாரணமாகப் பயன்படும் பிவிசி வயரின் மேலுறை 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதைத் தாண்டிப் பல நாள் சூடானால் உறை காய்ந்து, வெடித்து, உள்ளே இருக்கும் செம்பு வெளியே தெரியும். அடுத்தது ஷார்ட் சர்க்யூட், தீப்பொறி.

அந்த நிலைக்குப் போகும் முன்பே லைனைத் துண்டிப்பதுதான் எம்சிபியின் வேலை. அது விழுகிறது என்றால் பழுதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றே அர்த்தம்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். 16 ஆம்ப்ஸ் எம்சிபி 16-ஐத் தாண்டியதும் டக்கென்று விழாது. வீட்டு உபயோக எம்சிபிகளுக்கான தரவிதிப்படி, அதன் அளவைப் போல 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரம் வரை விழக் கூடாது. 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். அதாவது 16 ஆம்ப்ஸ் எம்சிபி சுமார் 23 ஆம்ப்ஸைக்கூடக் கொஞ்ச நேரம் விட்டுவைக்கும். 32 ஆம்ப்ஸ் எம்சிபி சுமார் 46 ஆம்ப்ஸ் வரை அப்படி விட்டுவைக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்

வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப்ஸ் கிடைக்கும். நம்ம ஊர் ஒருமுனை மின்சாரம் 230 வோல்ட். வீட்டுப் பொருட்களின் தோராயக் கணக்கு இது. சரியான வாட்ஸ், பொருளின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும்.

• 1.5 டன் ஏசி: 1,600 வாட்ஸ், 7 ஆம்ப்ஸ்
• இண்டக்‌ஷன் அடுப்பு: 2,000 வாட்ஸ், 8.7 ஆம்ப்ஸ்
• கீசர் (ஸ்டோரேஜ்): 2,000 வாட்ஸ், 8.7 ஆம்ப்ஸ்
• கீசர் (இன்ஸ்டன்ட்): 3,000 வாட்ஸ், 13 ஆம்ப்ஸ்
• அயர்ன் பாக்ஸ்: 1,000 வாட்ஸ், 4.3 ஆம்ப்ஸ்
• மிக்ஸி: 750 வாட்ஸ், 3.3 ஆம்ப்ஸ்
• சாதாரண சீலிங் ஃபேன்: 75 வாட்ஸ், 0.3 ஆம்ப்ஸ்
• எல்இடி பல்பு: 9 வாட்ஸ், கணக்கிலேயே வராது

உதாரணத்துக்கு, 1980-களில் கட்டிய 2 பெட்ரூம் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அப்போது ஃப்ரிட்ஜ், அயர்ன் பாக்ஸ் இரண்டையும் மனதில் வைத்து ஒரே ஒரு பவர் லைன் போட்டிருப்பார்கள். வயர் 3/20, அதாவது 20 கேஜ் கம்பி 3 இழை. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 2 சதுர மில்லிமீட்டர். பைப்புக்குள் ஓடும்போது சுமார் 16 ஆம்ப்ஸ் தாங்கும்.

இப்போது அதே லைனில் ஏசி, இண்டக்‌ஷன், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் நான்கும் ஒரே நேரத்தில் ஓடினால் 5,350 வாட்ஸ். அதாவது 23.3 ஆம்ப்ஸ். வயரில் உண்டாகும் சூடு, அது தாங்கக்கூடியதைவிட 2 மடங்குக்கும் மேல். 16 ஆம்ப்ஸ் எம்சிபி இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். 32 ஆம்ப்ஸ் மாட்டியிருந்தால் விழாது. கூடவே 2,000 வாட்ஸ் கீசரையும் போட்டால் மொத்தம் 32 ஆம்ப்ஸ். சூடு 4 மடங்கு. அப்போதும் எம்சிபி அசையாது. ஏன்னா, அதன் அளவே 32 தானே!

பழைய ஃப்யூஸ் கட்டையில் கம்பி அடிக்கடி உருகுகிறது என்று தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றி விடுவதும் இதே தவறுதான்.

மறக்கக் கூடாத ஒரே விதி

லைனில் ஓடப்போகும் ஆம்ப்ஸைவிட எம்சிபி பெரிதாக இருக்க வேண்டும். அந்த எம்சிபியைவிட வயர் தாங்கும் அளவு பெரிதாக இருக்க வேண்டும். லோடு, எம்சிபி, வயர் என்ற இந்த ஏறுவரிசை எந்த இடத்திலும் மாறக் கூடாது. எம்சிபியைப் பெரிதாக்க வேண்டுமென்றால் முதலில் வயரைப் பெரிதாக்க வேண்டும்.

பைப்புக்குள் ஓடும் செம்பு வயர்கள் தோராயமாகத் தாங்கும் அளவு இது:

• 1 சதுர மி.மீ: சுமார் 11 ஆம்ப்ஸ்
• 1.5 சதுர மி.மீ: 13 முதல் 15 ஆம்ப்ஸ்
• 2.5 சதுர மி.மீ: 18 முதல் 21 ஆம்ப்ஸ்
• 4 சதுர மி.மீ: 24 முதல் 28 ஆம்ப்ஸ்
• 6 சதுர மி.மீ: 31 முதல் 36 ஆம்ப்ஸ்

ஒரே பைப்பில் பல வயர்களைத் திணித்தாலோ, வெயில் நேரடியாக இறங்கும் மொட்டை மாடிச் சுவரில் வயர் போனாலோ இந்த அளவு இன்னும் குறையும்.

எந்த லைனுக்கு எது?

லைட், ஃபேன்: 1.5 சதுர மி.மீ வயர், 6 அல்லது 10 ஆம்ப்ஸ் எம்சிபி. ஒரு சர்க்யூட்டில் 10 பாயிண்ட், 800 வாட்ஸ் என்ற அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நீண்ட நாள் வழக்கம். வீடு முழுக்க உள்ள லைட்டுகளை ஒரே எம்சிபியில் தொங்கவிடாமல் குறைந்தது 2 லைனாகப் பிரித்தால், ஒன்று விழுந்தாலும் வீடு முழுக்க இருட்டாகாது.

சமையலறை: இன்றைய வீட்டில் அதிக லோடு உள்ள இடம் இதுதான். இண்டக்‌ஷன், மைக்ரோவேவ் ஓவன், மிக்ஸி, கிரைண்டர், வாட்டர் பியூரிஃபையர், ஃப்ரிட்ஜ் எல்லாம் இங்கேதான். ஒரு பவர் லைனில் 2 பவர் பிளக்குக்கு மேல் வேண்டாம். சமையலறைக்கு மட்டும் குறைந்தது 2 தனி லைன் நல்லது. 2.5 சதுர மி.மீ என்றால் 16 ஆம்ப்ஸ் எம்சிபி. 4 சதுர மி.மீ என்றால் 20 ஆம்ப்ஸ்.

கீசர்: தனி லைன் கட்டாயம். 3,000 வாட்ஸ் கீசருக்கு 13 ஆம்ப்ஸ் ஓடும். அதற்கு மேல் 16 ஆம்ப்ஸ் எம்சிபி. அதற்கு மேல் 2.5 சதுர மி.மீ வயர். மெயின் போர்டிலிருந்து பாத்ரூம் தூரமாக இருந்தால் 4 சதுர மி.மீ போடுவது நல்லது.

ஏசி: ஒவ்வொரு ஏசிக்கும் தனி லைன். 1.5 டன்னுக்கு 4 சதுர மி.மீ வயர், 20 ஆம்ப்ஸ் 'சி' வகை எம்சிபி என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு.

அது என்ன 'சி' வகை? கம்ப்ரசரோ மோட்டாரோ ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். 'பி' வகை எம்சிபி 3 முதல் 5 மடங்கிலேயே உடனே விழுந்துவிடும். 'சி' வகை 5 முதல் 10 மடங்கு வரும்போதுதான் உடனே விழும். தண்ணீர் மோட்டார் போட்ட உடனே விழுந்து, திரும்பப் போட்டால் ஓடுகிறது என்றால் எம்சிபி வகை தவறாக இருக்கலாம். அங்கேயும் தீர்வு வகையை மாற்றுவதுதான், ஆம்ப்ஸை ஏற்றுவது அல்ல.

எலக்ட்ரிக் கார்: 16 ஆம்ப்ஸ் பிளக்கில் 3.3 கிலோவாட் அளவில் சார்ஜ் செய்தால் 14 ஆம்ப்ஸுக்கு மேல், அதுவும் மணிக்கணக்கில் ஓடும். கீசர் 15 நிமிடத்தில் அணைந்துவிடும். கார் விடிய விடிய ஓடும். அதனால் பார்க்கிங்கில் இருக்கும் பழைய பிளக்கில் செருகாமல் தனி லைன் இழுப்பதே பாதுகாப்பு.

எம்சிபி வேறு, ஆர்சிசிபி வேறு!

எம்சிபி இருந்தால் ஷாக் அடிக்காது என்பது மிகப் பெரிய தவறான நம்பிக்கை. மனித உடலில் 0.03 ஆம்ப்ஸ், அதாவது 30 மில்லி ஆம்ப்ஸ் ஓடினாலே உயிருக்கு ஆபத்து வரலாம். 16 ஆம்ப்ஸ் எம்சிபிக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அது கவனிக்கும் அளவு இதைப் போல 500 மடங்குக்கும் மேல்.

உயிரைக் காப்பாற்றும் கருவி ஆர்சிசிபி. ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கேயாவது கசிந்து உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ போனால் நொடியின் சிறு பகுதிக்குள் லைனைத் துண்டித்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபிதான் சரியானது. தமிழ்நாட்டில் மின்வாரியமும் இதைப் பொருத்தச் சொல்லி வலியுறுத்துகிறது. அதில் 'டெஸ்ட்' என்றொரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்க. விழவில்லை என்றால் உடனே மாற்ற வேண்டும்.

அதே நேரம், ஆர்சிசிபி ஓவர்லோடைக் கவனிக்காது. அதனால் இரண்டும் வேண்டும்.

பழைய வீடுகளில் ஆர்சிசிபி மாட்டிய உடனே அடிக்கடி விழும். 'இது நம்ம வீட்டுக்கு ஒத்து வராது' என்று கழற்றி விடுவார்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, எங்கேயோ உண்மையிலேயே கசிவு இருக்கிறது. இரண்டு, நியூட்ரல் வயர்கள் கலந்திருக்கின்றன. குறிப்பாக, பின்னாளில் இன்வெர்ட்டர் வைத்தபோது இன்வெர்ட்டர் லைனுக்கும் ஈபி லைனுக்கும் ஒரே நியூட்ரலைப் பயன்படுத்தியிருந்தால் ஆர்சிசிபி நிற்காது. நியூட்ரலைத் தனித்தனியாகப் பிரித்தால் சரியாகிவிடும்.

ரீ-வயரிங் எப்போது தேவை? இந்த அறிகுறிகளைக் கவனிங்க

• சுவிட்ச் போர்டைத் தொட்டால் சூடாக இருப்பது, பிளக் ஓட்டைகளைச் சுற்றிப் பழுப்பு நிறமாவது
• பிளாஸ்டிக் கருகிய வாடை
• மோட்டார் போட்டால் லைட் மங்குவது
• கிரைண்டர், ஃப்ரிட்ஜ், பாத்ரூம் குழாய் ஆகியவற்றைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இழுப்பது
• வயரை வளைத்தால் மேலுறை உதிர்வது
• மெயின் போர்டில் இன்னும் ஃப்யூஸ் கட்டை மட்டும் இருப்பது
• 3 பின் பிளக் இருந்தும் பெரிய ஓட்டையில் எர்த் வயரே இல்லாமல் இருப்பது

கடைசி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எர்த் இல்லாத வீடுகளில் சிலர் பிளக்குக்கு உள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். டெஸ்ட் லேம்ப் எரியும், எல்லாம் சரி போலத் தெரியும். ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பாடி முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். தண்ணீர்க் குழாயை எர்த்தாகப் பயன்படுத்துவதும் இதே அளவு ஆபத்து.

பழைய வீட்டில் சுவரை உடைக்கணுமா?

அது வீட்டைப் பொறுத்தது. சுவருக்குள் பைப் போட்ட வீடு என்றால் பழைய வயரை உருவி, அதே பைப்பில் புது வயரை இழுக்க முடியுமா என்று முதலில் பார்ப்பார்கள். பைப் அடைத்திருந்தாலோ துருப்பிடித்திருந்தாலோ அந்த இடத்தில் மட்டும் உடைத்தால் போதும். ஆனால் 1.5 சதுர மி.மீ-க்காகப் போட்ட பைப்பில் 4 சதுர மி.மீ வயர்களைத் திணிக்கக் கூடாது.

மரப்பட்டையில் வயர் அடித்த வீடுகளிலும், மர உத்திரம் உள்ள மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும் கூரைக்குள் பைப் இருக்காது. அங்கே சுவரைக் கொத்துவதைவிட பிவிசி கேசிங் பட்டி அடிப்பதே சுலபம். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காதுதான். ஆனால் செலவு குறைவு. பின்னாளில் பழுது பார்ப்பதும் எளிது.

சில பழைய வீடுகளில் அலுமினிய வயர் இருக்கும். ஒரே தடிமனில் செம்பைவிடக் குறைவாகத்தான் அது தாங்கும். அலுமினியத்தையும் செம்பையும் நேரடியாக முறுக்கி ஜாயின்ட் போட்டால் அந்த இடம் நாளடைவில் அரித்து, தளர்ந்து, சூடாகும். இந்த வீடுகளில் ஒட்டுப்போடுவதைவிட முழுசாக மாற்றுவதே நல்லது.

ஒரே நேரத்தில் மாற்றப் பணம் இல்லையா?

முழு வீட்டையும் ஒரே மூச்சில் மாற்ற எல்லோராலும் முடியாது. அப்படியானால் இந்த வரிசையில் செய்யலாம்.

முதலில் எர்த்தும் ஆர்சிசிபியும். இது உயிர் சம்பந்தப்பட்டது. அடுத்து, ஃப்யூஸ் கட்டைகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு லைனுக்கும் அந்த வயருக்கு ஏற்ற எம்சிபி. மூன்றாவது, ஏசி, கீசர், சமையலறை ஆகியவற்றுக்கு மெயின் போர்டிலிருந்து நேராகப் புது லைன். பழைய வயரிங் மீதான சுமை இதிலேயே பெருமளவு குறைந்துவிடும். கடைசியாக லைட், ஃபேன் வயர்களை ஒவ்வொரு அறையாக மாற்றலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் மூன்றாவது வழி பொருந்தும். ஏசிக்கு மட்டும் கேசிங் பட்டியில் தனி லைன் இழுத்தால் போதும், வீட்டை உடைக்க வேண்டியதில்லை. வேலைக்கு முன்பே ஹவுஸ் ஓனரிடம் பேசி, செலவு யாருடையது என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது. வீட்டுக்குத் தீ ஆபத்து வராமல் இருப்பது ஓனருக்கும் லாபம்தான்.

ஈபி ஆபீஸ் பக்கம் என்ன செய்யணும்?

வீட்டுக்குள் வயரை மாற்றினால் மட்டும் போதாது. மின்வாரியத்திடம் எத்தனை கிலோவாட் மின்பளு வாங்கியிருக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். பழைய இணைப்புகளில் இது மிகக் குறைவாக இருக்கும். ஏசி, கீசர், இண்டக்‌ஷன் என்று சேரும்போது கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஒருமுனையிலிருந்து மும்முனை இணைப்புக்கு மாற வேண்டியிருக்கும். மும்முனை வந்தால் ஏசி எல்லாம் ஒரே ஃபேஸில் சேராமல், மூன்றிலும் லோடைச் சமமாகப் பிரிக்கச் சொல்லுங்க.

மீட்டர், அதன் சீல், மீட்டருக்கு முன்னால் உள்ள ஃப்யூஸ் ஆகியவை மின்வாரியத்தைச் சேர்ந்தவை. அவற்றில் கை வைக்கக் கூடாது. மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மைய எண் 94987 94987.

எம்சிபி விழுந்தால் முதலில் என்ன செய்யணும்?

அந்த லைனில் உள்ள எல்லா பிளக்கையும் கழற்றுங்க. எம்சிபியைத் தூக்கிவிடுங்க. எதுவுமே இல்லாமல் உடனே விழுந்தால் வயரிங்கில் ஷார்ட். மறுபடி மறுபடி தூக்கிவிடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ஒரு குறிப்பிட்ட பொருளைச் செருகியதும் விழுந்தால் அந்தப் பொருளில்தான் கோளாறு. எல்லாம் ஓடிக் கொஞ்ச நேரம் கழித்து விழுந்தால் ஓவர்லோடு. விழுவது ஆர்சிசிபி என்றால் கசிவு.

வேலையைத் தொடங்கும்போது மெயினை மட்டும் ஆஃப் செய்தால் போதாது. இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்ய வேண்டும். மெயின் ஆஃப் ஆனதும் இன்வெர்ட்டர் தானாக ஆன் ஆகி, அதே போர்டில் மின்சாரத்தைக் கொண்டுவந்துவிடும்.

எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. மின் கம்பியாள் தகுதிச் சான்றிதழ் அல்லது ஒப்பந்ததாரர் உரிமம் இருக்கிறதா?
2. எந்த லைனுக்கு எத்தனை சதுர மி.மீ வயர், எத்தனை ஆம்ப்ஸ் எம்சிபி? பேப்பரில் எழுதித் தர முடியுமா?
3. வயரில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694 என்ற எண்ணும் இருக்கிறதா? தீ எளிதில் பரவாத எஃப்ஆர் வகையா?
4. ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கருப்பு, எர்த்துக்குப் பச்சை என்று நிறம் பிரித்துப் போடுவீர்களா?
5. எல்லா பிளக்குக்கும் எர்த் வருமா?
6. வேலை முடிந்ததும் மெக்கர் வைத்து டெஸ்ட் செய்து காட்டுவீர்களா? (500 வோல்ட்டில் வயர் இன்சுலேஷன் குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும்.)

கடைசியில், மெயின் போர்டின் கதவுக்கு உள்பக்கம் எந்த எம்சிபி எந்த அறைக்கு, எந்த அளவு வயர் என்று எழுதி ஒட்டச் சொல்லுங்க. 10 வருஷம் கழித்து வேறொருவர் வந்து 'பெருசா ஒண்ணு மாட்டிடலாமா?' என்று கேட்கும்போது, கூடாது என்று சொல்ல அந்தச் சீட்டு இருக்கும்.